ஐந்தாவது கண்ணி

மடுமாதா துணை

அல்பெர்கேரியா, பலேர்மோ
2.11.1993

அன்புத் தம்பி விமலராஜுக்கு,

அக்கா அகஸ்ரீனா எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் பிள்ளை லக்ஷனாவும் தேவகிருபையால் சுகம். உன் நெஞ்சுச்சளி விட்டதோ இல்லையோ என்று முதலில் எழுது. இரவிரவாகப் புகைக்குள் நின்று பாட்டுப் பாடுகிறவனுக்குச் சளி வராமல் சந்தனமா வரும்?

இன்று மரித்தோர் திருநாள். அம்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். லண்டனுக்கு வருகிற றோபேட்டின் கையில் ஒரு கசற் தந்துவிடுகிறேன். நாங்கள் வழக்கமாக அனுப்புகிற பேச்சுக் கசற் இல்லை. அம்மாவுக்கு நான் பாடிய ஒப்பாரி. ஐந்து கண்ணி. செத்து மூன்று வருசம் ஆகப்போகிறது, இப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

தம்பி, நான் உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அம்மாவின் கண்ணை மூடியது நான் இல்லை. மடுக்கோயில் அகதிக் கொட்டிலில் அம்மாவைப் படுக்கவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு மூன்று நாளில் வாறன் என்று பொய் சொல்லித்தான் கொழும்புக்கு வெளிக்கிட்டேன். இத்தாலிக்கு ஏத்துகிறவன் இந்தக் கிழமை என்றான், அடுத்த கிழமை என்றான். கொட்டாஞ்சேனையில் ஒரு அறைக்குள் இரண்டு மாதம் காத்துக் கிடந்தபோதுதான் அம்மா போன செய்தி வந்தது. இங்கே வந்து இறங்கிய அன்று எங்கள் ஊர்ச் சனம் சுற்றிநின்று, "கண்ணை மூடினது ஆர்?" என்று கேட்டது. "நான்தான்" என்றேன். ஒரு சொல்தான். அத்தானுக்குக்கூட இன்றுவரை அதுதான் தெரியும்.

எங்கள் ஊர் வழக்கம் உனக்கு ஞாபகமிருக்கும். பெரிய வெள்ளியில் மாதாவின் புலம்பலை, பெற்ற தாயின் கண்ணைத் தன் கையால் மூடியவள்தான் பாடலாம். இங்கே எங்களுக்குப் பாட்டுப் பழக்குகிற அண்ணாவியார் அந்தோனிமுத்து அந்த வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார். அவருக்கு என்மேல் கண் இருக்கிறது, என்னைப் பாடச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறேன்.

தனியே இருந்து கேள். கேட்டுவிட்டு அழித்துவிடு. ஐந்தாவது கண்ணி உனக்குரியது, கோபிக்காதே.

உன் சுகத்துக்கு மாதாவிடம் மன்றாடும்,
அக்கா


லண்டன்
19.1.1994

அன்புள்ள அக்கா,

கனநாள் எழுதவில்லை, குறை நினைக்க வேண்டாம். சளி போய்விட்டது. அத்தானுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. என் தமிழ் எழுத்து பதினாலு வயதோடு நின்றுபோனது, பிழைகளுக்குச் சிரியாதேங்கோ.

கசற் கேட்டேன். அழுதேன் அக்கா. ஏழெட்டுத் தரம் கேட்டேன். நீங்கள் செய்தது பிழை இல்லை. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

எங்கள் இசைக்குழுவுக்கு இப்போது கிழமைக்கு மூன்று இடத்தில் அழைப்பு. நான் கீபோட் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். ஜாஸ் கேட்கிற ஆட்கள் இருந்து கேட்பார்கள், ஃபங்க் தொடங்கினால் எழும்பி ஆடுவார்கள். இரண்டையும் கலந்து வாசிக்கிற ஒரு மண்ணிறப் பெடியன் என்று ஒரு பத்திரிகை எழுதியது. சுவரொட்டியில் என் பெயர் விம் றாஜ். விமலராஜ் அவர்களுடைய வாயில் நுழையுதில்லை.

ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கசற்றை எந்த றெக்கோடரில், எங்கே இருந்து பதிந்தீர்கள்? உங்கள் குரல் காதுக்குள் வந்து கதைக்கிற மாதிரி இருக்கு. இங்கே பெரிய ஸ்டூடியோக்களிலும் இப்படி ஒரு சத்தம் எடுக்க முடியாது.

அன்புத் தம்பி,
விமல்


மடுமாதா துணை

பலேர்மோ
6.3.1994

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். நாங்கள் சுகம், லக்ஷனாவுக்கு மட்டும் கடைவாய்ப் பல் முளைக்கிற காய்ச்சல். பிழைகளுக்குச் சிரிக்கவில்லை. "மண்ணிறப் பெடியன்" என்றதற்குத்தான் சிரித்தேன். அத்தானுக்கு வாசித்துக் காட்ட, "எங்கடை ஊரிலை அவன் வெள்ளையன் எல்லோ" என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். எங்கள் வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் தண்ணீர் கொண்டு வருவார்கள், அங்கே ஒப்பாரி பாட முடியுமா? பொலிதேயாமாப் பக்கம் நான் வேலைசெய்கிற சிஞ்ஞோராவின் வீட்டில், அவ கோயிலுக்குப் போன நேரம், குளிர்ச்சட்டை தொங்குகிற அலுமாரிக்குள் ஏறி இருந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். றெக்கோடர் அவவின் மகனுடையது. ரோமச்சட்டை எல்லாம் முகத்தில் முட்ட, தும்மலும் வந்தது. மூன்றாம் கண்ணியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அழுகை இல்லை, பூச்சிமருந்து மணம். அதற்கும் நீ அழுதிருப்பாய், விசரன்.

அழித்துவிட்டாயா? அதை நீ எழுதவில்லை. ஐந்தாவது கண்ணியைப் பற்றியும் ஒரு சொல் எழுதவில்லை. அது போகட்டும், எனக்கு முதலாவதற்குப் பதில் வேண்டும்.

அக்கா


லண்டன்
20.5.1994

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? எனக்கு நல்ல செய்தி. ஒரு றெக்கோட் கொம்பனி எங்களை எடுத்திருக்கு. முழு இசைத்தட்டு. பன்னிரண்டு வருசமாகக் கலியாண வீடு, மதுக்கடை, கப்பல் என்று வாசித்துத் திரிந்ததுக்கு இப்போதுதான் வாசல் திறந்தது. நான் பிரித்தானியக் குடிமகன் ஆனபோதுகூட இவ்வளவு சந்தோசப்படவில்லை.

ஸ்டூடியோவில் ஒரு மெசின் இருக்கு. எந்தச் சத்தத்தையும் வெட்டி எடுத்து கீபோட்டின் ஒரு கட்டைக்குக் கீழே வைக்கலாம். கட்டையை அமத்தினால் அந்தச் சத்தம் வரும். ஊர்க் கோயிலில் நீங்கள் ஆர்மோனியத்தின் மிதிபலகையை மிதிக்க நான் மேலே வாசித்தேனே, எனக்கு அதுதான் ஞாபகம் வரும். எனக்குக் கால் எட்டாது, உங்களுக்கு வாசிக்க வராது. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆள்.

அக்கா, அந்தப் பாட்டின் இரண்டாவது கண்ணியை இன்னொருக்கா, அழாமல், ஒரே சீராகப் பாடி அனுப்ப ஏலுமா? ஒரு ஞாபகத்துக்கு. கசற்றைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ, என்னட்டைப் பத்திரமாக இருக்கு.

விமல்


மடுமாதா துணை

பலேர்மோ
29.6.1994

அன்புத் தம்பிக்கு,

உன் இசைத்தட்டுச் செய்தி கேட்டு இராயப்பர் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். நீ நல்லாக வரவேணும். உன் பன்னிரண்டு வருசத்தை நான் அறிவேன். லண்டனில் மாமா தன் வீட்டை விட்டு உன்னைத் துரத்தினபோதும் பியானோவை விடாதவன் நீ.

ஆனால் "பத்திரமாக இருக்கு" என்று எழுதுகிறாய். நான் பத்திரமாக வைக்கச் சொல்லவில்லை, அழிக்கச் சொன்னேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ, சின்னனிலும் அப்படித்தான்.

ஒப்பாரியைத் திரும்பப் பாடக்கூடாது. அது சினிமாப் பாட்டில்லை. அழாமல் பாடு என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

இங்கே நான் பயந்தது நடந்துவிட்டது. வருகிற வருசம் பெரிய வெள்ளிக்கு மாதாவின் புலம்பல் என்னுடையது என்று அண்ணாவியார் பாட்டுக்கொப்பியைக் கையில் தந்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். மறுக்க ஏலவில்லை. மறுக்க மனமும் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே நான் தளம் துடைக்கிறவள், கிழவிகளைக் குளிப்பாட்டுகிறவள். அந்த ஒரு நாள், அந்த ஒரு மணித்தியாலம், நான் மாதாவின் குரல். தகுதியில்லாமல் பாடினாலும் உண்மையாகப் பாடுவேன் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அவர் இத்தாலியர், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. மன்னிப்புக் கிடைத்தது.

இனி அது எனக்கும் மாதாவுக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

அக்கா


மான்செஸ்ரர்
11.11.1994

அன்புள்ள அக்கா,

அவசரத்தில் ஒரு தபாலட்டை. இசைத்தட்டு வெளிவந்து ஒரு மாதம். வானொலியில் ஒரு பாட்டை ஓயாமல் போடுகிறார்கள். ஊர் ஊராக ஓடுகிறோம். உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பவேணும், பிறகு அனுப்புவேன். எல்லாருக்கும் சுகம் சொல்லுங்கோ. நத்தார் வாழ்த்துகள்.

விமல்


பலேர்மோ
21.2.1995

விமலராஜுக்கு,

உன் சுகம் நான் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை றோபேட்டின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபம். நூற்றைம்பது சனம் இருக்கும். நான் றோல்ஸ் பலகாரத் தட்டோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன். றோபேட்டின் தம்பி பிறின்ஸ்தான் பாட்டுப் போடுகிறவன். ஒன்றைப் போட்டான். முதலில் உன் கீபோட். எனக்குத் தெரியவில்லை. நல்லாயிருக்கு என்றுகூட நினைத்தேன். பிறகு மேளம் தொடங்க, பெடியள் துள்ளிக்கொண்டு நடுவுக்கு வந்தார்கள். பிறகு நான் பாடினேன்.

மடுக்கோயில் கொட்டிலிலே மடியில் படுத்தாயே – அம்மா
மூண்டு நாளில் வாறன் எண்டு மோசம் பண்ணிப் போனேனே

அந்த "மோசம் பண்ணிப் போனேனே"யை வெட்டி எடுத்து உன் கட்டைக்குக் கீழே வைத்திருக்கிறாய். நீ அமத்த அமத்த நான் சொல்கிறேன். மோசம் பண்ணி, மோசம் பண்ணி, மோசம் பண்ணிப் போனேனே. அதற்கு எங்கள் ஊர்ப் பெடியள் கையைத் தூக்கி ஆடினார்கள்.

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. என் பிள்ளைதான் காட்டிக்கொடுத்தது. மூன்று வயதுக் குழந்தைக்குத் தாயின் குரல் தெரியாதா? ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்று, "மம்மா காந்தா! அம்மா பாடுறா!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கத் துள்ளினாள். பெரிய ஆட்கள் ஒவ்வொருவராகக் கதையை நிற்பாட்டினார்கள். இரண்டாவது தரம் அந்தக் கண்ணி வந்தபோது ஆடிய பெடியளும் நின்றுவிட்டார்கள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கழுவுகிற இடத்துக்குப் போனேன்.

திங்கட்கிழமை அண்ணாவியார் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "அகஸ்ரீனா, கொப்பியைத் தா பிள்ளை" என்றார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. கொடுத்தேன்.

பிறின்ஸிடம் கேட்டு அந்த இசைத்தட்டின் உறையை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலம் தெரிந்த பெட்டை ஒருத்தி வாசித்துச் சொன்னாள். இசை விம் றாஜ். குரல், பழைய நாட்டார் பாடல்.

எங்கள் அம்மா செத்தது நாட்டார் பாடலா?

நாலு கண்ணியும் இருக்கிறது. ஐந்தாவது இல்லை. நான் மோசம் செய்ததை ஊரெல்லாம் பாடவைத்தவன், உன்னுடையதை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறாய். அந்த இடத்தில் நீ கீபோட் வாசிக்கிறாய். வேலி பயிரை மேய்ந்தது என்பார்கள், நீ மேய்ந்துவிட்டு வேலியையும் சரிக்கட்டி வைத்திருக்கிறாய்.

அகஸ்ரீனா


லண்டன்
15.3.1995

அன்புள்ள அக்கா,

நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

நான் சத்தியமாக இப்படி நினைக்கவில்லை. இங்கே ஒருவருக்கும் தமிழ் விளங்காது. அவர்களுக்கு அது ஒரு குரல், ஒரு துக்கம், அவ்வளவுதான். லண்டனில் எங்கள் சனம் இந்த இசை கேட்கிறதில்லை. அது இத்தாலிக்கு வரும் என்று கொம்பனிகூட நினைக்கவில்லை. நாலு கிழமை அந்தப் பாட்டு இல்லாமல் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் வெறும் தாளம். ஒருநாள் உங்கள் குரலைப் போட்டுப் பார்த்தேன். குழுவில் எல்லாரும் வாசிக்கிறதை நிற்பாட்டிவிட்டார்கள். நீங்கள் அந்த அறையில் நின்றிருந்தால் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. அது என் பிழை.

உறையில் எழுதியது கொம்பனிக்காரர். அடுத்த பதிப்பில் உங்கள் பெயரைப் போடச் சொல்கிறேன். ஐந்தாவது கண்ணியில் உங்களுக்கு மூச்சு வாங்குது, தாளத்துக்குள் நிற்கவில்லை. அதனால்தான் எடுத்தோம். வேறு காரணம் இல்லை.

யூலையில் பலேர்மோவுக்கு வாறோம். துறைமுகப் பக்கம் கோடைகால மேடை. நீங்கள் என் பக்கத்தில் நின்று பாடவேணும். எல்லாருக்கும் முன்னால் இது என் அக்கா என்று சொல்வேன்.

மன்னியுங்கோ.
விமல்


பலேர்மோ
20.4.1995

தம்பி விமலராஜ் அறிவது,

அகஸ்ரீனா எழுதமாட்டாள். அதனால் அத்தான் பெனடிக்ற் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இருவரும் உயிரோடு இருக்கிறோம், பிள்ளை சுகம்.

பெரிய வெள்ளி முடிந்தது. புலம்பலை அண்ணாவியாரின் மைத்துனி பாடினாள். அகஸ்ரீனா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கடைசி வாங்கில், கதவோரம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முன்னால் பாட்டுக்காரரோடு மூன்று வருசமாக நின்ற இடத்தை ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. சிலுவையை முத்தி செய்யப் போன பெண்கள் அவளைப் பாராமல் தாண்டிப் போனார்கள்.

எனக்கும் அவளோடு கோபம்தான். நாலு வருசம் பக்கத்தில் படுத்தவனுக்குச் சொல்லாததை உனக்குச் சொன்னாள். நான் அதை ஒரு பிறந்தநாள் பாட்டைக் கேட்கிற மாதிரி மண்டபத்தில் நின்று கேட்டேன். அந்தக் கோபத்தை நாங்கள் புருசன் பெண்சாதி பார்த்துக்கொள்வோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஐந்தாவது கண்ணி ஒன்று இருக்கிறது என்கிறாள். அதில் என்ன என்று கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை. "அதைச் சொன்னால் அவனுக்கு வெட்கம்" என்கிறாள். இவ்வளவு நடந்த பிறகும். நீ எப்படிப்பட்டவன் என்று நான் அன்றைக்கு அறியவில்லை, அவள் எப்படிப்பட்டவள் என்று இன்றைக்கு அறிந்தேன்.

நீ எங்கள் வீட்டுக்கு வரலாம். நான் கதவை அடைக்கமாட்டேன். அவள் திறப்பாளோ தெரியாது.

பெனடிக்ற்


பலேர்மோ, ஹோட்டல்
14.7.1995

அக்கா,

இதைக் கதவுக்குக் கீழே தள்ளுகிறேன். மூன்று தரம் வந்தேன். உள்ளே பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. நீங்கள் திறக்கவில்லை.

உங்கள் தெரு இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சந்தைக் கத்தலுக்கு மேலே, உடுப்புக் காயப்போட்டிருக்கிற பல்கனியைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுடைய சேலை ஒன்று தொங்கியது.

நாளைக்கு மேடை. சுவரொட்டி முழுக்க அந்தப் பாட்டின் பெயர்தான். வாசிக்கவா, விடவா என்று நீங்கள் சொல்லுங்கோ. ஹோட்டல் மேசையில் ஒரு துண்டு கொடுத்துவிட்டால் போதும். நீங்கள் வேண்டாம் என்றால் வாசிக்கமாட்டேன். அம்மா மேல் ஆணை.

விமல்


மடுமாதா துணை

பலேர்மோ
3.8.1995

தம்பி விமலராஜுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

பதினைந்தாம் தேதி காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஹோட்டலுக்குப் போய், மேசையில் நின்ற பெடியனிடம் துண்டு கொடுத்தேன். "வேண்டாம்" என்று ஒரே சொல். உன் கைக்கு வந்ததோ வரவில்லையோ என்று நான் கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே.

பின்னேரம் நான் வந்தேன். உனக்குத் தெரியாது. வேலைச்சட்டையோடு, கப்பலுக்குக் காத்திருந்த சனத்தோடு சனமாகக் கடைசியில் நின்றேன். நீ வாசித்தாய். சனம் ஆடியது. ஐந்தாவது கண்ணியின் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கீபோட்டில் விளையாடினாய். நல்லாய் வாசிக்கிறாய் தம்பி, பொய் சொல்லமாட்டேன். நான் அங்கே நின்று அந்தக் கண்ணியை என் வாய்க்குள் பாடினேன். மூச்சு வாங்கவில்லை. உன் தாளத்துக்குள் அச்சொட்டாக நின்றது.

கடலைத் தாண்டிப் போன மகன் கடிதம் எங்கை எண்டாயே – அம்மா
கொப்பி ஒற்றை கிழிச்சு நானே மகனாய் எழுதி வாசிச்சேனே

எண்பத்தாறுக்குப் பிறகு நீ அம்மாவுக்கு ஒரு வரி எழுதவில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் நாலு வருசம் உன் பெயரில் எழுதி, உன் குரலை நினைத்து வாசித்தேன். அவவுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஒருநாள் ஒற்றையை மணந்து பார்த்துவிட்டு, "இது லண்டன் மணக்கேல்லை, எங்கடை சங்கக்கடை மணக்குது" என்றா. பிறகு, "சரி, இன்னொருக்கா வாசி" என்றா.

இப்போது இன்னொன்றும் கேள். போன மாதம் இராசேஸ்வரி என்று ஒருத்தி ஊரிலிருந்து இங்கே வந்திருக்கிறா. மடுவில் அம்மாவுக்குப் பக்கத்துக் கொட்டில். அம்மாவின் கண்ணை மூடிய கை அவவுடையது. அந்தக் கையைப் பிடித்து நான் கொஞ்சினேன். நான் போன பிறகு அம்மா ஒவ்வொரு ஞாயிறும் உன் கடைசிக் கடிதத்தை அவவைக் கொண்டு வாசிப்பித்தாவாம். கடைசி ஞாயிறும் வாசித்தாவாம். அதைக் கவனமாக வைத்திருந்து என்னிடம் தந்துவிட்டுக் கோயிலில் எல்லாருக்கும் சொல்கிறா, "அந்த அம்மாவுக்கு மகன் தங்கம். அவ்வளவு தூரத்திலை இருந்தும் என்ன வடிவாய் எழுதுவார்!" என்று. சனம் தலையாட்டுகிறது. மகன் கடிதம் எழுதியவன், மகள் விட்டுவிட்டு ஓடியவள். இப்போது பலேர்மோவில் எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் அதுதான்.

அது என் எழுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் தங்கமகனைத் தகரம் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தானுக்கு மட்டும் சொன்னேன். இனி அவருக்கு ஒளிக்கிறதில்லை என்று முடிவு. அவர் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். பிறகு தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்.

உன்னைக் கேளாமல் உன் குரலை நான் எடுத்தேன். என்னைக் கேளாமல் என் குரலை நீ எடுத்தாய். சரிக்குச் சரி என்று நீ சொல்லலாம். நான் எடுத்தது ஒரு தாயைச் சந்தோசப்படுத்த. நீ எடுத்தது எதற்கு என்று உனக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயர் போட்ட கடிதம், உன்னிடமே இருக்கட்டும். ஒருக்கா உன் வாயால் வாசி. இனி எனக்கு எழுதாதே. உன் பேரில் எழுதுகிற வேலையை நான் விட்டுவிட்டேன், உன்னிடமிருந்து வருகிறதை வாசிக்கிற வேலையையும் விடுகிறேன்.

அகஸ்ரீனா


லண்டன்
10.10.1990

என் அன்பான அம்மாவுக்கு,

உங்கள் மகன் விமலராஜ் எழுதிக்கொள்வது. நான் இங்கே நல்ல சுகமாக இருக்கிறேன். நீங்கள் மடுவில் கொட்டிலில் இருக்கிறீர்கள் என்று அறிந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழைக்கு ஒழுகுதோ? முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுங்கோ.

நான் பெரிய கோயில் ஒன்றில் ஓர்கன் வாசிக்கிறேன். எல்லாரும் உன் தாய் ஆர் என்று கேட்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் முதல் பாட்டை உங்களுக்காகத்தான் வாசிக்கிறது. நீங்கள் அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ, கேட்கும்.

வருகிற பாஸ்காவுக்கு வரப் பார்க்கிறேன். வராவிட்டால் கோபிக்காதேங்கோ. அக்கா எப்போதாவது உங்களை விட்டுத் தூரம் போகவேண்டி வந்தாலும் அவவில் கோபிக்க வேண்டாம். ஏலாமல்தான் போவா.

அக்காவை நினைத்துக் கவலைப்படாதேங்கோ அம்மா. அவவுக்கு ஒரு குறை வர நான் விடமாட்டேன். நான் இருக்கிறேன்.

உங்கள் கைகளை முத்தி செய்யும் மகன்,
விமலராஜ்